முலாம் பட்டறையில் நச்சு வாயு: பிறக்கும் இடத்திலேயே மடக்க ஒரு வழிகாட்டி

மின்முலாம் பட்டறைக்குப் புதிதாக வருபவர் நச்சு வாயு என்றதும் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று தேடுவார். இங்கே அதற்குச் சிலிண்டர் கிடையாது. இரண்டு திரவங்கள் தவறான இடத்தில் சந்திக்கும்போது அந்த வாயு பிறக்கிறது. வடிகாலில் சந்திக்கலாம், கழுவும் வாளியில் சந்திக்கலாம், புகை போகும் குழாய்க்குள்ளேயும் சந்திக்கலாம். அதனால் இங்கே பாதுகாப்பு என்பது முதலில் சேரக் கூடாதவற்றைச் சேரவிடாமல் வைக்கும் வேலை. உறிஞ்சும் விசிறி அடுத்தது. வாயு மீட்டர் அதற்கும் அடுத்தது. முகமூடி கடைசியில்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எல்லோருக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பட்டறைதான் மிகவும் ஆபத்தான பட்டறை.

அளவு புரிய ஒரு கணக்கு. லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சயனைடு உள்ள கரைசல் ஒரு வாளியில் 10 லிட்டர் இருக்கிறது. மொத்தம் 200 கிராம் சயனைடு. அதில் யாரோ தெரியாமல் ஆசிட்டை ஊற்றிவிட்டால், முழுவதும் மாறினால் சுமார் 100 லிட்டர் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் அது சீராகப் பரவினாலும் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவு 50 பிபிஎம். உண்மையில் அது சீராகப் பரவாது. வாளிக்குக் குனிந்திருப்பவரின் முகத்துக்குத்தான் முதலில் போகும். ஒரே ஒரு வாளியின் கணக்கு இது.

படி 1: எது எதோடு சேரக் கூடாது என்று வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் பட்டறையின் எல்லாத் தொட்டிகளையும் வரிசையாக வரையுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, சிந்தினால் எங்கே ஓடும், அதன் கழுவு நீர் எந்த வடிகாலில் சேரும், அதன் புகை எந்தக் குழாயில் போகும் என்று எழுதுங்கள். பிறகு கீழ்க்கண்ட ஜோடிகள் எங்காவது சந்திக்கின்றனவா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள்.

சயனைடும் எந்த ஆசிட்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு.
ஹைப்போகுளோரைட்டும் (பட்டறையில் ‘ஹைப்போ’ என்பார்கள்) ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின்.
குரோமிக் ஆசிட்டும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் சேர்ந்தாலும் குளோரின்.
சல்ஃபைடும் ஆசிட்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பித்தளைக்குக் கருமை ஏற்றும் கரைசல்களில் சல்ஃபைடு இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.
மெட்டாபைசல்ஃபைட்டும் ஆசிட்டும் சேர்ந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு.
நைட்ரிக் ஆசிட்டில் செம்போ பித்தளையோ விழுந்தால் பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடுகள்.

சயனைடு ஏன் காரத்தில் அடங்கி இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. பிஹெச் என்பது அமில-கார அளவு; 7 நடுநிலை, ஏற ஏறக் காரம். பிஹெச் 9.2-ல் கரைசலில் தனித்திருக்கும் சயனைடில் சரிபாதி வாயுவாகக் கிளம்பக்கூடிய ஹைட்ரஜன் சயனைடாக நிற்கும். பிஹெச் 11.2-ல் அது நூறில் ஒரு பங்கு. பிஹெச் 7-க்கு இறங்கினால் ஏறக்குறைய முழுவதும். ஆகவே தனிச் சயனைடு உள்ள காரத் தொட்டிகளில் பிஹெச் 11-க்குக் கீழே போகவே கூடாது; 12-க்கு மேலே இருப்பது நல்லது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே மெல்ல மெல்லக் காரத்தைத் தின்று கார்பனேட் ஆக்கும். அதனால் நேற்றுச் சரியாக இருந்த தொட்டி இன்றும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் அளந்து எழுதுங்கள். சயனைடு போடுவதற்கு முன் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) கரைந்திருக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. அமிலத் தங்க முலாம் இதற்கு விதிவிலக்கு. அங்கே சயனைடு தங்கத்தோடு கட்டுண்டு அமிலத்திலேயே இருக்கும். ஆனாலும் தங்கம் படியப் படிய விடுபடும் சயனைடு வாயுவாக வெளியேறும். தொட்டி சிறியது என்று உறிஞ்சி இல்லாமல் விட்டுவிட வேண்டாம்.

படி 2: பிரித்து வையுங்கள்

சயனைடு வரிசைக்கும் ஆசிட் வரிசைக்கும் தனித்தனி அணைகட்டு, தனித்தனி வடிகால், தனித்தனிச் சேகரிப்புக் குழி. அணைகட்டு அதற்குள் உள்ள மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும். இரண்டு அணைகட்டுகளுக்கும் நடுவில் உள்ள சுவரை மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆசிட் தின்ற கான்கிரீட்டில் விரிசல் விழும். மேலே பிரிந்திருக்கும் இரண்டு வரிசைகள் அந்த விரிசல் வழியே தரைக்குக் கீழே ஒன்றாகிவிடும்.

பொருள்களை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டம்தான் ஜிக். ஆசிட் டிப்பிலிருந்து, அதாவது ஆசிட்டில் முக்கும் தொட்டியிலிருந்து, சயனைடு தொட்டிக்குப் போகும் ஜிக்குக்கு இடையில் குறைந்தது இரண்டு ஓடும் நீர்க் கழுவல் வேண்டும். ஒரே கழுவு தொட்டியை இரண்டுக்கும் பொதுவாக வைக்கவே கூடாது. சிறு பொருள்களைக் கொட்டிச் சுற்றவிடும் துளையிட்ட உருளையான பேரலில் இது இன்னும் முக்கியம். பேரலின் துளைகளிலும் குவிந்த திருகுகளுக்கு இடையிலும் ஆசிட் தேங்கி நிற்கும். தூக்கியவுடன் அடுத்த தொட்டிக்கு ஓட்டாமல், தொட்டியின் மேலேயே சுற்றவிட்டு வடிய நேரம் கொடுங்கள். குழாய் வடிவப் பொருள்களை ஜிக்கில் மாட்டும்போது வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். நிமிர்ந்து நின்றால் அது ஆசிட்டைச் சுமந்துபோகும் டம்ளர்தான்.

வாளி, புனல், முகத்தல் குவளை, பம்ப், ஹோஸ் எல்லாவற்றுக்கும் வண்ணம் ஒதுக்குங்கள். சயனைடுக்கு ஒன்று, ஆசிட்டுக்கு ஒன்று. வரிசை தாண்டக் கூடாது. தொட்டிகளுக்குள் விபரீதம் நடப்பதை விட வாளியில் நடப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வாளிக்கு நிரந்தர இடமோ பெயர்ப் பலகையோ இல்லை.

சயனைடு கட்டிகள் உலர்ந்த, பூட்டிய, தனி அறையில் இருக்க வேண்டும். அந்த அறையிலும் சயனைடு வரிசைக்குப் பக்கத்திலும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை மாட்டாதீர்கள். ஈரத்தோடு சேர்ந்து அது கார்பானிக் அமிலமாகும். அந்த மெல்லிய அமிலமே சயனைடைக் கிளப்பப் போதும்.

படி 3: தொட்டி விளிம்பிலேயே உறிஞ்சுங்கள்

கூரையில் மாட்டிய எக்ஸாஸ்ட் விசிறி தொட்டிப் புகைக்கு வைத்தியம் ஆகாது. புகை கூரைக்குப் போகும் வழியில்தான் வேலை செய்பவரின் மூக்கு இருக்கிறது. தேவை, தொட்டியின் நீண்ட பக்கங்களில் விளிம்பை ஒட்டி ஓடும் குறுகிய பிளவு வழியாக உறிஞ்சும் அமைப்பு.

ஹார்ட் குரோம், அதாவது தேய்மானம் தாங்கக் கனமாக ஏற்றும் குரோம் முலாம், அதன் தொட்டிக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவு, மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.75 முதல் 1.25 கன மீட்டர் காற்று. 2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலத் தொட்டிக்குப் பரப்பு 1.6 சதுர மீட்டர். நடு அளவாக 1 என்று எடுத்தால் நொடிக்கு 1.6 கன மீட்டர், அதாவது மணிக்கு 5,760 கன மீட்டர். பிளவில் காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நுழைய வேண்டும். அப்போதுதான் நீளம் முழுவதும் சீராக இழுக்கும். இரு பக்கமும் 2 மீட்டர் நீளப் பிளவு என்றால் அதன் அகலம் 40 மில்லிமீட்டர் வரும். பொதுக் குழாயில் நொடிக்கு 12 மீட்டர் வேகம் வைத்தால் விட்டம் சுமார் 410 மில்லிமீட்டர்.

தொட்டி அரை மீட்டர் அகலத்துக்குள் இருந்தால் ஒரு பக்கப் பிளவு போதும். அதற்கு மேல் இரு பக்கமும் வேண்டும். 1.2 மீட்டரைத் தாண்டினால் ஒரு பக்கம் மெல்லிய காற்றுத் திரையை ஊதி மறுபக்கம் உறிஞ்சும் முறைக்குப் போங்கள். உறிஞ்சலின் கை நீளாது: குழாய் வாயிலிருந்து அதன் விட்டம் அளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். கரைசலின் மட்டம் பிளவுக்கு மிகக் கீழே இறங்கிவிட்டால் உறிஞ்சல் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் சரியாகப் போட்ட பிறகு அதைக் கெடுக்கும் பொருள் பெரும்பாலும் ஒரு ஸ்டாண்டு ஃபேன். வெயில் காலத்தில் தொட்டி அருகே நிற்பவர் தன் முதுகுக்கு அதைத் திருப்பி வைப்பார். புகைக்குச்சியைக் கொளுத்தித் தொட்டியின் நடுவில், கரைசலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பாருங்கள். ஃபேன் நின்றிருக்கும்போது புகை மடிந்து இரண்டாகப் பிரிந்து, இரு பக்கப் பிளவுக்குள்ளும் ரிப்பன் போல நுழையும். ஃபேனைப் போட்டவுடன் அந்த ரிப்பன் கலைந்து, விளிம்பைத் தாண்டி எதிரே நிற்பவரின் மார்பு உயரத்தில் சுருளும். இதை ஊழியர்களுக்குக் கண்ணால் காட்டிவிட்டால் அதற்கு மேல் அறிவுரை தேவைப்படாது. தொட்டிக்குக் குறுக்கே ஓடும் காற்று நொடிக்கு கால் மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆனால் வியர்வையில் நிற்பவரிடம் ஃபேனைப் பிடுங்கினால் மட்டும் போதாது. குளிர்ந்த புதுக்காற்றை அவர் தலைக்கு மேலிருந்து மெதுவாக இறக்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. (தீப்பற்றும் கரைப்பான்களோ ஹைட்ரஜன் தேங்கும் தொட்டியோ அருகில் இருந்தால், நெருப்பில்லாத புகைக்குழல் கொண்டு சோதியுங்கள்.)

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். கதவைத் திறக்கக் கடினமாக இழுக்கிறது, திறந்ததும் வீசியடிக்கிறது என்றால் கூடம் மூச்சு முட்டுகிறது, விசிறியின் கொள்ளளவு வீணாகிறது என்று பொருள்.

குழாய்களில் ஒரு விதி: சயனைடு தொட்டியின் புகைக்குழாயும் ஆசிட் தொட்டியின் புகைக்குழாயும் எங்கேயும் இணையக் கூடாது. குழாய்க்குள் வியர்க்கும் நீரில் இரண்டும் சேர்ந்து அங்கேயே வாயு உண்டாகும். புகையை நீரால் கழுவிச் சுத்தம் செய்யும் ஸ்கிரப்பரும் தனித்தனிதான். சயனைடு ஸ்கிரப்பரில் சுழலும் காஸ்டிக் நீரும் காற்றின் கார்பன் டை ஆக்சைடால் வலுவிழக்கும், அதற்கும் பிஹெச் மீட்டர் வேண்டும்.

விசிறி நின்றால், தொட்டிக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபயரும் நிற்கும்படி இணைப்புக் கொடுங்கள். அந்தச் சைகையை மோட்டார் ஸ்விட்சிலிருந்து எடுக்காதீர்கள்; பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். குழாய்க்குள் காற்றோட்டத்தை உணரும் ஸ்விட்சிலிருந்து எடுங்கள்.

படி 4: குரோம் பனி

குரோம் தொட்டியில் பெரும் ஆபத்து பனி போன்ற துளிகள். ஹார்ட் குரோமில் செலுத்தும் மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் உலோகத்தைப் படிய வைக்கிறது. மீதி தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆக்குகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது குரோமிக் ஆசிட்டின் நுண்துளிகளைத் தூக்கி எறிகின்றன. தொட்டி ஓடும்போது வெள்ளைத் தாள் ஒன்றை விளிம்புக்கு வெளியே சில நிமிடம் பிடியுங்கள். மஞ்சள் புள்ளிகள் விழுந்தால் உங்கள் உறிஞ்சி தோற்றுக்கொண்டிருக்கிறது. புள்ளி விழவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமெரிக்கச் சட்டம் 2006-ல் வைத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரிவதை விட மிகக் குறைவு. இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதற்கு முன்பே மூக்கின் நடுச்சுவரில் புண் வந்து ஓட்டை விழும், பெரும்பாலும் வலிக்காமலேயே. குரோம் வரிசையில் நிற்பவர்களின் மூக்கை மருத்துவர் முறையாகப் பார்த்து வர வேண்டும்.

பனியைக் குறைக்க, கரைசலின் மேற்பரப்பு இழுவிசையைத் தாழ்த்தும் பனியடக்கியைச் சேர்க்கிறார்கள். குமிழி மெதுவாக உடைந்தால் துளி எகிறாது. பழைய பனியடக்கிகளில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற பொருள் 2009-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. அது இல்லாதது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நுரைப் போர்வையால் பனியை அடக்கும் வகை என்றால் ஒரு எச்சரிக்கை: அடர்ந்த நுரைக்குள் ஹைட்ரஜன் அடைபடும். மின்தொடர்பு தளர்ந்து ஒரு பொறி விழுந்தால் நுரை முழுவதும் படீரென்று வெடிக்கும். ஜிக் கொக்கிகளைச் சுத்தமாகத் தேய்த்து வைப்பதும், மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஜிக்கைத் தூக்குவதும் இதற்கு மருந்து.

படி 5: பழுப்புப் புகையும் பூண்டு வாசனையும்

பித்தளையையும் செம்பையும் பளபளப்பாக்கும் நைட்ரிக் ஆசிட் டிப்பில் பழுப்புப் புகை எழும். எதிர்வினை வெப்பம் கக்கும், வெப்பம் எதிர்வினையை இன்னும் முடுக்கும். அதனால் ஒரு கூடை நிறையப் போட்டவுடன் அமைதியாக இருந்த தொட்டி அரை நிமிடத்தில் பொங்கும். சிறு சிறு அளவாகப் போடுங்கள், தொட்டியைக் குளிர்வித்து வையுங்கள், கூடையை உடனே கழுவு நீருக்குத் தூக்கக் கைக்கெட்டும் வசதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பாகத்தை எடுக்கக் குனியாதீர்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றை விடக் கனம், தரையோடு தவழும். சிந்திய நைட்ரிக் ஆசிட்டின் மேல் மரத்தூள் கொட்டினால் புகையோடு தீயும் பிடிக்கும்.

ஆர்சீன் என்ற வாயு அபூர்வம், ஆனால் தெரியாமல் கொல்லும். ஆர்செனிக் கலந்த உலோகத்தையோ துத்தநாகக் கசடையோ ஆசிட்டில் போட்டால், கிளம்பும் ஹைட்ரஜன் அதை ஆர்சீனாக்கி வெளியே கொண்டுவரும். லேசான பூண்டு வாசனை. சில மணி நேரம் கழித்துச் சிறுநீர் சிவந்தால் இரத்தச் செல்கள் உடைகின்றன என்று பொருள். மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உலோகக் கசடை ஆசிட்டில் கழுவாதீர்கள்.

படி 6: கழிவு நீரில் கவனம்

சயனைடு கழிவை ஹைப்போவால் அழிக்கும்போது முதல் கட்டத்தில் பிஹெச் 10.5-க்கு மேல் ஏற்றிய பிறகே ஹைப்போவைத் திறக்க வேண்டும். நடுவில் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு தோன்றும். கடுங்காரத்தில் அது உடனே சிதைந்துவிடும். காரம் குறைந்தால் வெளியே வந்து கண்ணை எரிக்கும். முதல் கட்டத்துக்கு 1 கிலோ சயனைடுக்குக் கணக்குப்படி 2.73 கிலோ குளோரின் தேவை. லிட்டருக்கு 120 கிராம் குளோரின் தரும் ஹைப்போ என்றால் சுமார் 23 லிட்டர். கரைந்த உலோகங்களும் தின்னும் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். வைத்த ஹைப்போ நாள்பட வலுவிழக்கும். பழைய கேனை நம்பி அளவு போட்டால் சயனைடு மிஞ்சும். இரண்டாம் கட்டத்தில் பிஹெச்சை 8.5 அருகே இறக்குவார்கள். முதல் கட்டம் முடிந்ததைச் சோதித்து உறுதி செய்யாமல் ஆசிட்டைத் தொடாதீர்கள். செறிந்த தொட்டிக் கரைசலை நேராக ஹைப்போவில் ஊற்றுவதும் கூடாது, சூடாகிப் பொங்கும்.

குரோம் கழிவை ஒடுக்குவது (ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றுவது) பிஹெச் 2 முதல் 3-க்குள் நடக்கும் வேலை. ஆகவே குரோம் குழியும் சயனைடு குழியும் ஒரே கூரைக்குக் கீழே அடுத்தடுத்து இருந்தால், தவறான வால்வு ஒன்று போதும். வால்வுகளுக்கு வெவ்வேறு அளவு இணைப்புகள் போட்டுவிட்டால் கை தவறினாலும் குழாய் பொருந்தாது.

படி 7: மீட்டரும் முகமூடியும்

மூக்கை நம்பாதீர்கள். சயனைடின் கசந்த பாதாம் வாசனையைப் பலரால் பிறவியிலேயே உணர முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடோ அளவு கூடும்போது மோப்பத்தையே மரக்கடித்துவிடும். ஹைட்ரஜன் சயனைடு மீட்டரின் முதல் மணியை 4.7 பிபிஎம்முக்குக் கீழே வையுங்கள். அது காற்றின் கனத்துக்கு அருகில் இருப்பதால் சென்சார் மூச்சு உயரத்தில், ஒன்றரை மீட்டரில் இருக்கட்டும். குளோரின், சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகியவற்றுக்குத் தரையிலிருந்து இரண்டு சாண் உயரம். உடலில் மாட்டும் மீட்டரை ஒவ்வொரு நாளும் சோதனை வாயு காட்டி அது உண்மையிலேயே கத்துகிறதா என்று பாருங்கள். சும்மா பூஜ்யம் காட்டும் மீட்டர் செத்த மீட்டராகவும் இருக்கலாம்.

கார்ட்ரிட்ஜ் முகமூடி, அளவு தெரிந்த சிறு கசிவுக்கும் தப்பி ஓடவும் மட்டும். ஐரோப்பியக் குறியீட்டில் சயனைடுக்கும் குளோரினுக்கும் சாம்பல் பட்டை, சல்ஃபர் டை ஆக்சைடுக்கு மஞ்சள். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு இவை உதவாது, அதற்கென்று நீலமும் வெள்ளையும் கொண்ட தனி வகை உண்டு. அளவு தெரியாத இடத்துக்குப் போவதென்றால் முதுகில் காற்று உருளை மாட்டும் சுவாசக் கருவி ஒன்றே வழி. தாடி வைத்தவருக்கு எந்த இறுக்கமான முகமூடியும் பொருந்தாது.

படி 8: காலித் தொட்டிக்குள் இறங்கும் நாள்

1988-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆபர்ன் நகர முலாம் பட்டறை ஒன்றில், துத்தநாகச் சயனைடு படிந்த தொட்டியை ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்தபோது ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்களும் அந்த ஐவரில் இருந்தார்கள். தொட்டி காலியாகத்தான் இருந்தது. அடியில் இருந்த சேறு போதுமாயிற்று.

ஆகவே: தொட்டிக்குள் சேறு இருக்கும்வரை ஆசிட் கூடாது. சேற்றை முதலில் வெளியே நின்றபடி நீண்ட கைப்பிடிக் கருவியாலோ பம்பாலோ எடுங்கள், கார நீரால் கழுவுங்கள். ஆசிட் தேவையா என்பதைப் பொறுப்பாளர் எழுத்தில் சொல்லட்டும். குழாய்களைக் கழற்றி அடைத்துவிடுங்கள். ஆக்சிஜனையும் நச்சு வாயுவையும் மேல், நடு, அடி மூன்றிலும் அளந்த பிறகே ஆள் இறங்க வேண்டும், இறங்கிய பிறகும் மீட்டர் கூடவே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் உடலில் கச்சையும் கயிறும், மேலே கயிற்றை இழுக்கும் சுழல்பொறியும், அதை விட்டு அசையாத ஒரு காவலாளும் கட்டாயம். அந்தக் காவலாளுக்கு ஒரே கட்டளை: எது நடந்தாலும் உள்ளே இறங்காதே, கயிற்றை இழு, ஆளைக் கூப்பிடு.

ஒருவர் விழுந்துவிட்டால்

சுவாசக் கருவி மாட்டியவர் மட்டுமே அவரை வெளியே கொண்டுவர வேண்டும். கரைசல் பட்ட உடைகளைக் கழற்றித் தண்ணீரால் கழுவுங்கள், தோல் வழியேயும் சயனைடு ஏறும். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். பையும் முகமூடியும் கொண்ட ஊதியைப் பயன்படுத்துங்கள், ஆக்சிஜன் கொடுங்கள். பெரியவர்களுக்கு மருத்துவர் ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் முறிமருந்து ஹைட்ராக்ஸோகோபாலமின், 5 கிராம். அருகில் உள்ள மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று தொட்டியில் முதல் சயனைடு போடும் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

நைட்ரஜன் ஆக்சைடு மூச்சில் ஏறியவர் சிறிது இருமிவிட்டு, ஒன்றுமில்லை என்று வேலைக்குத் திரும்பப் பார்ப்பார். விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், படுத்திருக்கும்போது வரும். அன்றே மருத்துவமனையில் சேர்த்து, குறைந்தது ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தொட்டி, எந்த ரசாயனம், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.